இருபத்தெட்டு சென்டிமீட்டர்

ஆகஸ்ட் 5, சனி

நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி இன்று "மக்களோடு ஒரு நாள்". வேம்படி நகர் தூத்துக்குடியின் தாழ்வான பகுதிகளுள் ஒன்று. அங்கே நாங்கள் வடிவமைத்த மழைநீர் வடிகாலுக்கு அடுத்த வாரம் தோண்டத் தொடங்குகிறார்கள். ஆகவே அங்குள்ள நடுநிலைப் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு ஊழியர்கள் அனைவரும் வண்ணம் பூச வேண்டும் என்பது நிர்வாக இயக்குநர் ஜெரால்ட் ரொட்ரிகோவின் ஆணை. நீரியலில் முதுகலைப் பட்டமும் முப்பத்தோரு ஆண்டு அனுபவமும் உள்ள ஒருவன், ஐம்பத்தாறாம் வயதில், நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தொப்பியோடு சுவரின்முன் நிறுத்தப்பட்டான்.

மக்கள் தொடர்பு அலுவலர் எஸ்தர் கிருபா கைப்பேசியோடு சுற்றிச் சுற்றி வந்தார். எவரேனும் தூரிகையைத் தொட்டால் ஒரு படம். தொடாமல் சிரித்தால் இரண்டு.

எவரையும் கேளாமல் சுவர் முழுவதும் மஞ்சள் அடித்துவிட்டார்கள். சுவரில் முன்பு என்ன இருந்தது என்று பார்க்கும் பயிற்சி அங்கே எவருக்கும் இல்லை. மற்றவர்கள் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டிருந்த நேரத்தில், நம் தொழிலுக்கு உரிய ஒன்றை மட்டும் நான் செய்துமுடித்து நிழலுக்கு வந்தேன். அளவையாளர் சுடலைமுத்து பின்னாலேயே வந்து ஏதோ கேட்டான். வெயிலில் நின்று விவாதிக்க விருப்பமில்லை. அனுப்பிவிட்டேன்.

வெள்ளைச் சட்டையின் வலக்கை நுனியில் சிவப்பு வண்ணம் ஒட்டியிருக்கிறது. கோமதி மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

தோண்டத் தொடங்கிவிட்டார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, புதன்

வேம்படி நகரில் கருத்துக் கேட்புக் கூட்டம். பள்ளியின் நீண்ட அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். எஸ்தர் ஒவ்வொருவருக்கும் சுண்டல் பொட்டலம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். நான் வரைபடத்தை விளக்கினேன். தெருநீர் வடிகாலுக்குள் இறங்கி, வடிகால் வழியாக ஓடையை அடையும். இதைவிட எளிமையாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

மூன்றாம் தெருவில் இட்லிக் கடை நடத்தும் பாக்கியத்தாய் எழுந்து நின்றாள்.

"சார், நீங்க சொல்லுதது படத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கன கயிறு கட்டிருக்காங்கல்லா, அது எங்க வாசலுக்கு மேல நிக்கி. தண்ணி ஏணி வச்சா ஏறிப் போவும்?"

அறை சிரித்தது. கட்டுமானம் எந்த உயரத்தில் அமையும் என்பதைக் காட்டக் கட்டும் கயிறு அது. வாசலுக்குக் கீழே அமையும்படியே நான் வடிவமைத்திருக்கிறேன் என்றேன்.

"அப்பம் வந்து பாருங்க. நீங்க ரோட்டுல நின்னு பாக்கிய. நாங்க வீட்டுக்குள்ள இருந்து பாக்கோம்."

அந்த வாக்கியம் மிகவும் தயாராக வந்தது. எஸ்தரைப் பார்த்தேன். அவர் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். கூட்டத்திற்கு முந்திய நாள் அவர் தனியே அந்தத் தெருவுக்குச் சென்றுவந்ததாக ஓட்டுநர் சொல்லியிருந்தான். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது விரைவில் தெரியும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலையில் யாருக்கும் அறிவிக்காமல் மட்டம் பார்க்கும் கருவியோடு சென்றேன்.

இங்கே ஒன்றைப் பதிவு செய்கிறேன். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று உறுதியாக அறியப்பட்ட ஒரு புள்ளியை நாங்கள் பெஞ்ச் மார்க் என்போம். அசையாத ஒரு சுவரில் அதைச் சிவப்பு அம்புக்குறியாக வரைந்து வைப்போம். மற்ற எல்லா உயரங்களும் அதிலிருந்து எடுக்கப்படும். குறி தவறினால் அனைத்தும் தவறும். வேம்படி நகருக்கு உரிய குறி, பள்ளிச் சுவரின் தெருப்பக்கத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 3.150 மீட்டர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கையால் வைத்தது. இடுப்புவாரின் கொக்கிக்கு நேராக வைப்பது என் வழக்கம். எத்தனை ஆண்டு கழித்துத் தேடினாலும் குனிய வேண்டியிராது.

அந்தக் குறியை இன்று நான் பயன்படுத்தவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் சந்தேகத்திற்குரிய வழியை நாடக் கூடாது. ரயில்வே பாலத்தில் இருக்கும் மற்றொரு குறியிலிருந்து உயரம் கொண்டுவந்து, கயிறு கட்ட ஒப்பந்தக்காரர் நட்டிருக்கும் முளைகளைச் சோதித்தேன்.

பதினொரு முளைகள். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய உயரத்தைவிட இருபத்தெட்டு சென்டிமீட்டர் மேலே. பதினொன்றிலும் அதே இருபத்தெட்டு.

கை நடுங்கி வரும் பிழை இவ்வளவு ஒழுங்காக இராது. இவ்வளவு ஒழுங்கான பிழைக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான்.

வடிகால் உயர்ந்தால் தோண்டும் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் யாருக்கு ஆதாயம் என்று சொல்லத் தேவையில்லை. உயரம் எடுத்துக் கொடுத்தவன் சுடலைமுத்து. வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

சுடலைமுத்துவை அறைக்கு அழைத்தேன். நாற்பத்தொரு வயது. பதினேழு ஆண்டுகளாக இங்கே இருக்கிறான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"முளைகளுக்கு உயரம் எந்தக் குறியிலிருந்து எடுத்தாய்?"

"ஸ்கூல் சுவத்துல இருக்க குறிதான் சார்."

"அதன் மதிப்பு?"

"நீங்க குடுத்ததுதான். மூணு புள்ளி ஒண்ணு அஞ்சு."

"ரயில்வே பாலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லையா?"

"தோணிச்சு சார். கேட்டேன்."

"யாரிடம் கேட்டாய்?"

தரையைப் பார்த்தான்.

"விடுங்க சார்."

"ஒப்பந்தக்காரரைத் தனியே சந்தித்தாயா?"

அப்போதுதான் நிமிர்ந்தான். "என்னய பாத்தா அப்படியா சார் தெரியுது உங்களுக்கு?"

குற்றமற்றவன் பெயரைச் சொல்வான். "விடுங்க" என்பது மறைப்பவனின் சொல். விசாரணை கோரி இயக்குநருக்கு நான்கு பத்திகளில் குறிப்பு அனுப்பினேன். ஒரு சொல்லைக்கூட மிகையாக எழுதவில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

சுடலைமுத்து தற்காலிகப் பணிநீக்கம். விசாரணை செப்டம்பர் நான்காம் தேதி. குற்றம் உறுதியானால் நிரந்தர நீக்கம். அதன்பின் இந்த மாவட்டத்தில் எந்த நிறுவனமும் அவன் கையில் கருவியைக் கொடுக்காது. அது அவனுக்கும் தெரியும்.

மாலையில் கோமதியோடு பல் மருத்துவரிடம் சென்றேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார். தள்ளிப்போட்டேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

தேநீர்க் கடையில் எஸ்தரும் சுடலைமுத்துவும். பணிநீக்கம் செய்யப்பட்டவனுக்கு அலுவலகத்தின் எதிரே என்ன வேலை? என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சுடலைமுத்து வணக்கம் சொன்னான். எஸ்தர் சொல்லவில்லை.

பிற்பகலில் அவரே என் அறைக்கு வந்தார்.

"சார், அஞ்சு நிமிஷம். ஒரு போட்டோ காட்டணும்."

"எதன் படம்?"

"அன்னைக்கு ஸ்கூல்ல எடுத்தது சார். நீங்க ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா..."

"பட்டாம்பூச்சிகளைப் பார்க்க எனக்கு நேரமில்லை, எஸ்தர்."

"பட்டாம்பூச்சி இல்ல சார்."

"விசாரணை முடியும்வரை இது தொடர்பாக எவரும் என்னிடம் தனியே பேசுவது முறையன்று. உங்களுக்கும் அது பொருந்தும்."

அவர் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். கதவருகே திரும்பி, "அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக சார்," என்றார்.

வாதம் தீர்ந்துபோனவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

விசாரணைக்கான அளவுகளை உறுதிப்படுத்த மீண்டும் வேம்படி நகருக்குச் சென்றேன். தோண்டிய பள்ளத்தின்மேல் பலகை போட்டு மக்கள் நடக்கிறார்கள். பாக்கியத்தாய் கடை வாசலில் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். ஏணி கொண்டு வந்தேளா?"

கயிறு தவறாகக் கட்டப்பட்டதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றும், பொறுப்பானவன்மேல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்றும் சொன்னேன்.

"யாரு, சுடலைத் தம்பியா? அவுகளா தப்பா பாத்தாக? கயிறு கட்டுன அன்னைக்கே வந்து நின்னு, 'எனக்கும் சரியாப் படல அக்கா, ஆனா குறி அப்படித்தான் சொல்லுது'ன்னு சொன்னாகளே."

அவள் கழுவிய நீர் வாசலைத் தாண்டாமல் உள்பக்கமே திரும்பியது. துடைப்பத்தால் அதை வெளியே தள்ளினாள்.

"வீடு இவ்வளவு தாழ்வாகவா கட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

"வீடு எங்கயும் போவல சார். முன்ன ரெண்டு படி ஏறித்தான் உள்ள வரணும். அந்த ரெண்டு படியும் இன்னா, இந்த ரோட்டுக்குள்ள கிடக்கு. போட்ட ரோட்டு மேலயே போட்டா வேற என்ன செய்யும்? எங்க வீட்டுக்காரருக்கு முன்ன ரோட்டுல நின்னா சன்னலு எட்டாது, இப்பம் குனிஞ்சு பாக்காரு. 'நான் வளந்துட்டேன்டீ'ங்காரு. அறுவது வயசுல."

அவள் சிரித்தாள். பழையதைச் சுரண்டாமல் இருபது ஆண்டுகளில் மூன்று முறை சாலை போட்டிருக்கிறார்கள், தெரு ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று என் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அவளிடமும் அதைச் சொன்னேன்.

சொல்லி முடிக்கும்போது பள்ளிச் சுவர் எதிரே இருந்தது.

இன்று இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

விடுப்பு. பல்வலி.

ஆகஸ்ட் 30, புதன்

விடுப்பு. எரிவாயு உருளை வந்தது.

செப்டம்பர் 1, வெள்ளி

ரொட்ரிகோ அழைத்திருந்தார். நிறுவனத்தைத் தொடங்கியவரின் மகன், நாற்பத்திரண்டு வயது. தாமே எழுந்துவந்து கதவை மூடினார். குளிர்பானம் வரவழைத்தார். எனக்குச் சர்க்கரை என்பது பத்து ஆண்டுகளாக அவருக்குத் தெரியும்.

"ஆவுடையப்பன் சார், திங்கக்கிழமை விசாரணைய சிம்பிளா முடிச்சிருவோம். அவன் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருவான். மதுரையில என் மச்சான் கம்பெனியில ஸ்டோர் கீப்பரா போடச் சொல்லிருக்கேன்."

"அளவையாளரை ஏன் பண்டகசாலையில் போட வேண்டும்?"

"அதான் சார் சேஃப்." குவளையை என் பக்கம் நகர்த்தினார். "எஸ்தர்கிட்டயும் சொல்லிட்டேன். அந்த போட்டோவ எங்கயும் போட வேண்டாம், டெலீட் பண்ணிருன்னு. நீங்க கவலப்படாதீங்க."

"எந்தப் படம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வியப்பு இல்லை. நான் நாடகமாடுகிறேன் என்றும், அது சரிதான் என்றும் அவர் நினைத்தது தெரிந்தது.

"நீங்க பிரஷ்ஷும் கையுமா சுவத்துகிட்ட நிக்கிற போட்டோ சார். சிவப்பு பெயின்ட். அம்புக்குறி." குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியாது. இந்த ஊர்ல முப்பது டிசைன்ல உங்க கையெழுத்து இருக்கு. உங்க பேரு கெட்டா கம்பெனி பேரு கெட்டுப் போகும். அவனுக்கு என்ன சார், பேரா இருக்கு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததைச் சரி என்றே அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வாரங்களாக ஒரு சதியைத் தேடினேன். சதி இருந்தது. அது என் பொருட்டு நடந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 2, சனி

காலை ஏழு மணிக்குப் பள்ளிச் சுவர். விடுமுறை நாளாதலால் எவரும் இல்லை. மஞ்சள் சுவரில் பட்டாம்பூச்சிகள். அவற்றுக்கு இடையே சிவப்பு அம்புக்குறி, நேர்த்தியான கோடுகளோடு. பக்கத்தில் 3.150 என்று என் கையெழுத்தில்.

அருகே சென்று நின்றேன். அம்பின் நுனி என் இடுப்புவாரின் கொக்கியைத் தொட்டது. மயிரிழை பிசகாமல் தொட்டது.

நான் வளரவில்லை.

அன்று சுடலைமுத்து கேட்டது இதுதான்: "சார், பெயின்ட் காயிறதுக்குள்ள லெவல் வச்சு ஒரு தடவ பாத்துரட்டுமா?" நான் சொன்னது: "இந்தக் குறியை வைத்தவனே நான். என்னையா சரிபார்க்கிறாய்?" ஐந்தாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "ஏதோ கேட்டான்" என்று இருக்கிறது.

செப்டம்பர் 3, ஞாயிறு

மாலையில் கோமதியிடம் அந்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னேன்.

"எது, கறை பட்டதா? அத நான் கரித்துணியாக்கப் போறேன். ஆபீசுக்கா போட்டுட்டுப் போவீங்க?"

"ஆம்."

"கையில செவப்பா தெரியுமேங்க."

"தெரியட்டும்."

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.

செப்டம்பர் 4, திங்கள்

விசாரணை பத்து மணிக்கு. ரொட்ரிகோ, நான், சுடலைமுத்து, நடவடிக்கைக் குறிப்பு எழுத எஸ்தர். சுடலைமுத்து முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான். கையில் மடித்த தாள். என்ன எழுதியிருந்தான் என்று கேட்டறியத் தேவையில்லை.

அவன் அதை நீட்டுவதற்குமுன் நான் பேசினேன். புகார் கொடுத்தவன் என்ற முறையில் முதலில் பேசும் உரிமை எனக்கு உண்டு.

"ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பள்ளிச் சுவரின் குறி வண்ணத்தில் மறைந்தது. அதை மீண்டும் வரைந்தவன் நான். கருவி வைக்கவில்லை. என் இடுப்பை அளவாகக் கொண்டேன். தெரு உயர்ந்திருப்பதை அறிந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சரிபார்க்க அனுமதி கேட்ட அளவையாளரைத் தடுத்தேன். பிழை இருபத்தெட்டு சென்டிமீட்டர். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதியே எனக்கு இது தெரியும்."

ரொட்ரிகோ எஸ்தரின் பக்கம் கையை உயர்த்தினார். "இத மினிட்ஸ்ல எழுத வேண்டாம்மா."

"எழுதுங்கள்," என்றேன்.

எஸ்தர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "போட்டோவ நான் டெலீட் பண்ணல சார்," என்றார். எங்களுள் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"அவன்மீதான உத்தரவு இன்றே, எழுத்தில், ரத்தாக வேண்டும்," என்றேன். ரொட்ரிகோ என் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் குறித்து இயக்குநர் குழு முடிவு செய்யும் என்றார். செய்யட்டும். ஒரு மணி நேரத்தில் சுடலைமுத்துவின் உத்தரவு ரத்தாகி வந்தது.

படிக்கட்டில் அவனிடம் கேட்டேன். "அன்றைக்கே என் பெயரைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நம்பிருப்பாங்களா சார்?" என்றான். சற்று இறங்கியபின், "நீங்க நம்பிருப்பீங்களா?" என்றான்.

பிற்பகல் இருவரும் வேம்படி நகர் சென்றோம். ரயில்வே பாலத்திலிருந்து உயரம் கொண்டுவந்து, பள்ளியின் எதிரே அவன் கருவியை நிறுத்தினான். நான் பழைய அம்புக்குறியைத் தகட்டால் சுரண்டி எடுத்தேன். பாக்கியத்தாய் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என்ன சார், நீங்களே இறங்கிட்டிய?"

"கருவியை அவன் பார்க்கட்டும்," என்றேன்.

அளவுகோலைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினேன். எண் சரியாக வரும்போது அதன் அடி எங்கே நிற்கிறதோ அங்கே குறி. சுடலைமுத்து கருவிக்குள் பார்த்தபடி கையைக் கீழே காட்டினான்.

"கீழ சார்."

இறக்கினேன். குனிந்தேன்.

"இன்னும் கீழ."

அடியைப் பார்க்க ஒரு முழங்காலைத் தெருவில் ஊன்ற வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ, சார்."